வற்றாப்பளை: உப்பு நீரில் எரியும் விளக்கு

வைகாசி பிறந்தால் வன்னியில் இரண்டு நினைவுகள் சேர்ந்து வரும். ஒன்று வற்றாப்பளை அம்மாளாச்சியின் பொங்கல். மற்றையது 2009 ஆம் ஆண்டின் மே மாதம். இரண்டுக்கும் நடுவில் கிடப்பது நந்திக்கடல். அந்த நீரேரியின் மேற்குக் கரையில் கண்ணகி அம்மன் கோவில். கிழக்கே, நீரேரிக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் முள்ளிவாய்க்கால்.

எங்கள் மாதர் சங்கத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பெண்கள் பொங்கலுக்குப் போய் வந்தோம். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு வான் பிடித்தோம். பச்சையரிசி, பயறு, சர்க்கரை, தேங்காய், புதுப் பானை எல்லாம் முதல் நாளே சேர்த்தாயிற்று. "நான் வரேல்லை" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்து, வான் வெளிக்கிடும் நேரத்தில் ஏறியவர் என் பக்கத்து வீட்டு அக்கா. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே இங்கும் அவர் அக்காதான்.

அக்கா தனது கணவரைக் கடைசியாகக் கண்டது 2009 மே மாதம், வட்டுவாகலில். கையில் இருந்த ஆறு மாதக் குழந்தை இப்போது வளர்ந்து வேலைக்குப் போகிறது. கணவர் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

"ஏன் அக்கா வரமாட்டன் எண்டு நிண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"பொங்கல் பானைக்குக் கிட்ட நான் போகக்கூடாது பிள்ளை. சனம் கதைக்கும்" என்றார்.

முந்தின வருடம் சொந்தத்தில் ஒரு கலியாணம். ஆலாத்தித் தட்டை எடுத்துக் கொடுக்க அக்கா கை நீட்டியிருக்கிறார். வயதான உறவினர் ஒருவர், "நீர் வையும், வேறை ஆள் எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அதட்டிச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாராம். அதற்குப் பிறகு அக்கா எந்த நல்ல காரியத்துக்கும் முன்னுக்குப் போவதில்லை.

போகும் வழி

பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் ஏறினோம். முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம், தேவிபுரம், புதுக்குடியிருப்பு. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இவை ஊர்ப் பெயர்கள். வானுக்குள் இருந்த எங்களுக்கு அவை நாட்கணக்கு. "இஞ்சை பத்து நாள் இருந்தனாங்கள்." "இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலைதான் பங்கர் வெட்டினது." "அந்தப் பனையடியிலைதான் அம்மாவை வைச்சனாங்கள்." ஒருத்தி சொல்ல மற்றவள் தொடர்ந்தாள். தான் பதினாலு இடம் மாறியதாக ஒரு தங்கச்சி விரல் மடித்து எண்ணிச் சொன்னாள்.

முள்ளிவாய்க்காலைத் தாண்டி வட்டுவாகல் பாலத்துக்கு வந்தபோது வானுக்குள் கதை நின்றுவிட்டது. அக்கா யன்னல் பக்கம் திரும்பி நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலம் கடந்து முல்லைத்தீவு நகருக்குள் வந்த பிறகுதான், "போகேக்கை அவரோடை வந்தன், அங்காலை தனியத்தான் போனன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எனக்குப் படித்த சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. மதுரைக்குள் கணவனோடு கிழக்கு வாசலால் நுழைந்த கண்ணகி, மேற்கு வாசலால் தனியே வெளியேறுகிறாள். அதற்கு முன் கொற்றவை கோவில் வாசலில் தன் வளையல்களை உடைத்துப் போடுகிறாள். பள்ளிக்கூடத்தில் அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறேன். அன்று வானுக்குள்தான் அதன் அர்த்தம் பிடிபட்டது.

ஆச்சி வந்த கதை

பொங்கல் நடப்பது வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் திங்கட்கிழமை. ஆனால் அதன் வேலைகள் இரண்டு கிழமைக்கு முன்பே பாக்குத் தெண்டலுடன் தொடங்கிவிடும். முந்தின திங்களில் முல்லைத்தீவுக் கடலுக்குப் போய்த் தீர்த்தம் எடுப்பார்கள். அந்தக் கடல் நீரை முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் வைத்து, அதிலே விளக்கு எரிப்பார்கள். ஏழு நாள் உப்பு நீரில் விளக்கு எரியும். காட்டா விநாயகர் கோவிலில் பொங்கல் முடிந்த பிறகு மடைப்பண்டங்கள் வற்றாப்பளைக்கு எடுத்துச் செல்லப்படும். பொங்கும் பெரிய பானையை அங்கே வளந்து என்பார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோவில் வெளி முழுவதும் சனம். காவடி, பாற்செம்பு, அங்கப்பிரதட்சணம், வீதியெல்லாம் அடுப்புப் புகை. ஒரு மரநிழலில் இடம் பிடித்தோம். பக்கத்தில் அந்த ஊர் ஆச்சி ஒருவர் பேரப்பிள்ளைகளோடு இருந்தார். எண்பதைத் தாண்டியிருப்பார். எங்களில் சிறியவள் ஒருத்தி, "ஆச்சி, ஏன் உப்புத் தண்ணியிலை விளக்கு எரிக்கிறவை?" என்று கேட்டாள். ஆச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கதையைத் தொடங்கினார்.

முன்னொரு காலம் நந்திக்கடல் கரையில் சிறுவர்கள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வழியால் ஒரு கிழவி வந்தாள். ஆர் எவர் என்று தெரியாது. நடந்து களைத்த கோலம். "பசிக்குது பிள்ளையள்" என்றாள். பிள்ளைகள் இரக்கப்பட்டுப் பொங்கிக் கொடுக்க வெளிக்கிட்டார்கள். பொழுதுபட்டு விட்டது. விளக்கு வைக்க எண்ணெய் இல்லை. "கடல் தண்ணியை அள்ளி ஊத்தி எரியுங்கோ" என்றாள் கிழவி. அவர்கள் அப்படியே செய்தார்கள், விளக்கு எரிந்தது. பிறகு, "தலை கடிக்குது, பேன் பாருங்கோ" என்றாள். தலைமயிரை விலக்கிப் பார்த்த பிள்ளைகளுக்குத் தலை முழுவதும் கண்கள் தெரிந்தன. பயந்து விலகிப் பார்த்தால் கிழவியைக் காணவில்லை. ஊரவர் வந்து, வந்தவள் கண்ணகி என்று அறிந்து கோவில் வைத்தார்கள்.

"மதுரையை எரிச்சுப்போட்டு வந்தவா. இலங்கையிலை ஒம்பது இடத்திலை தங்கித் தங்கி வந்து, பத்தாவதாய் இஞ்சை வந்தவா. பத்தாம்பளை எண்டதுதான் வற்றாப்பளை எண்டு வந்தது" என்று முடித்தார் ஆச்சி.

"அப்ப அவவும் பத்து இடம் மாறி இருக்கிறா" என்றாள் வானில் விரல் மடித்து எண்ணிய தங்கச்சி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

இந்தக் கதையை நான் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். தலையில் கண் இருந்த அதிசயம் மட்டுமே மனதில் நின்றது. இம்முறைதான் மற்றவை காதில் விழுந்தன. வந்தவள் நகை பூட்டிய தெய்வமாக வரவில்லை. பசியோடு, பேன் பிடித்த தலையோடு, வீடு இல்லாத கிழவியாக வந்தாள். மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்று, குளிக்க வழியில்லாமல், ஒருவர் தலையில் மற்றவர் பேன் பார்த்த பெண்களுக்கு இந்தக் கிழவி அந்நியமானவள் அல்ல. எண்ணெய் இல்லாத இடத்தில் கடல் நீரால் விளக்கு எரித்தாள் என்பதும் அப்படித்தான். அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியில் பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்தவர்கள் எங்களுள் எத்தனையோ பேர்.

காவியம் சொன்னதும் ஊர் சொல்வதும்

சிலப்பதிகாரம் மூன்று காண்டங்களில் கண்ணகியின் கதையைச் சொல்கிறது. புகாரில் கோவலன் மாதவியோடு போகிறான். கண்ணகி வீட்டில் காத்திருக்கிறாள். பொருளெல்லாம் இழந்து திரும்பியவனோடு, சிலம்பை விற்றுப் பிழைக்கலாம் என்று மதுரைக்கு நடக்கிறாள். அங்கே பொற்கொல்லன் ஒருவன் அரசியின் சிலம்பைத் திருடியவன் இவனே என்று பொய் சொல்கிறான். அரசன் தீர விசாரிக்கவில்லை. கோவலன் வெட்டப்படுகிறான்.

அதுவரை அதிகம் பேசாத கண்ணகி அதன் பிறகுதான் பேசுகிறாள். ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்திக்கொண்டு அரண்மனை வாசலுக்குப் போகிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. உடைத்துப் பார்க்க மாணிக்கம் தெறிக்கிறது. தன் பிழையை உணர்ந்த பாண்டியன் அங்கேயே விழுந்து இறக்கிறான்.

இந்தக் கதையைப் பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். மேடைகளில் பெரும்பாலும் கேட்டது கற்பு பற்றிய கதை. கணவன் பிழை விட்டாலும் பொறுத்திருந்தாள், ஆகவே அவளுக்குத் தெய்வசக்தி வந்தது என்பார்கள். பெண்பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் புத்திமதியும் அதிலிருந்தே வரும்: பொறுத்துப் போ.

ஆனால் கிழக்கிலங்கையில் கண்ணகி கோவில்களில் பாடப்படும் நூலுக்குக் "கண்ணகி வழக்குரை" என்றுதான் பெயர். பொறுத்தவள் என்று பெயர் வைக்கவில்லை. வழக்கு உரைத்தவள் என்று வைத்திருக்கிறார்கள். அந்த நூலில் கண்ணகியின் பிறப்பே வேறு. அவள் மாங்கனியாகத் தோன்றிப் பாண்டியனின் நெற்றிக்கண்ணை இல்லாமற் செய்கிறாள். பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு, வணிகர் கையில் சேர்ந்து வளர்கிறாள். அவளுடைய சிலம்புக்கு மணி தேடி மீகாமன் கடலோடி நாகர் நாட்டுக்கு வந்து வெடியரசனோடு போர் செய்கிறான். நெடுந்தீவில் வெடியரசன் கோட்டை என்று இன்றும் ஓரிடத்தைக் காட்டுவார்கள். வன்னியில் இதே கதை சிலம்பு கூறலாகவும், முல்லைத்தீவுக்கே உரிய கோவலன் கூத்தாகவும் இருக்கிறது. மதுரையில் நடந்த கதையை எங்கள் கடலுக்கும் எங்கள் தீவுகளுக்கும் உரியதாக எங்கள் முன்னோர் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே, பழைய கதையைப் பெண்கள் தங்கள் பக்கத்திலிருந்து திருப்பிச் சொன்னால் அது கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம். திருப்பிச் சொன்னதால்தான் அது இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது.

பெயர் மாறிய கோவில்கள்

திருப்பிச் சொல்லும்போது இழப்பும் நேரும். 19 ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் சைவத்தை ஆகம வழியில் சீர்ப்படுத்த முயன்ற ஆறுமுக நாவலர், கண்ணகி வழிபாட்டை ஏற்கவில்லை. செட்டி குலத்துச் சமணப் பெண்ணைச் சைவர் வழிபடலாமா என்பது அவரது கேள்வி. அந்தப் போக்கின் தொடர்ச்சியாகக் குடாநாட்டில் கண்ணகி கோவில்கள் பல இராஜராஜேஸ்வரி போன்ற பெயர்களுக்கு மாறின. வழிபாடு தொடர்ந்தது. ஆனால் அரசன் முன் நின்று கேள்வி கேட்ட பெண்ணின் பெயர் அங்கே மறைந்துபோனது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் சனம் பெயரை விடவில்லை.

சிங்கள மக்களிடம் இதே கண்ணகி பத்தினித் தெய்யோ. கண்டியில் உள்ள நான்கு பெரிய தேவாலயங்களில் ஒன்று பத்தினிக்குரியது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோவில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் அங்கிருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. பிள்ளை வரம் கேட்டும், நோய் மாறக் கேட்டும் இரண்டு மொழிப் பெண்களும் அதே பெண்ணிடம்தான் போகிறார்கள்.

பிள்ளையைத் தேடியும் இரண்டு மொழிப் பெண்களும் நடந்திருக்கிறார்கள். 1984 இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் கைது செய்யப்பட்டபோது தாய்மார் அன்னையர் முன்னணியாகச் சேர்ந்து கச்சேரிக்கு ஊர்வலம் போனார்கள். 1990 களின் தொடக்கத்தில் தெற்கில் காணாமற்போன இளைஞர்களின் தாய்மாரும் அதே பெயரில் சேர்ந்து, கொழும்பு முகத்துவாரம் காளி கோவிலில் நீதி கேட்டு மன்றாடினார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், மார்ச் 8 ஆம் திகதி முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தெருவோரத்தில் பந்தல் போட்டு இருந்தார்கள். வற்றாப்பளைக்கு அண்மையில் கேப்பாப்புலவு, பிலக்குடியிருப்புப் பெண்கள் தங்கள் காணியைக் கேட்டு அதே ஆண்டு சனவரி முடிவில் முகாம் வாசலில் குந்தினார்கள். பனியிலும் வெயிலிலும் குழந்தைகளோடு இருந்தார்கள். மார்ச் 1 ஆம் திகதி பிலக்குடியிருப்புக் காணி விடுவிக்கப்பட்டது. ஒரு மாதம் வாசலில் இருந்து பெற்ற தீர்ப்பு அது.

கையில் சிலம்பு இல்லை. படம் இருந்தது, காணி உறுதி இருந்தது. வழக்கு அதேதான்.

எரிந்த மதுரையில் இருந்தவர்கள்

பானை கொதிக்கும் வரை ஆச்சியோடு கதைத்துக்கொண்டிருந்தோம். எங்களோடு வந்த இன்னொரு பெண், வீட்டோடு தன் தாயையும் தீயில் இழந்தவர், திடீரென்று கேட்டார்:

"ஆச்சி, அரசன் பிழை விட்டவன். சரி. அம்மாளாச்சி ஏன் ஊரை எரிச்சவா? அந்த ஊரிலையும் எங்களைப்போலை சனம் இருந்திருக்கும்தானே?"

கோவில் வாசலில் இருந்து இப்படிக் கேட்கலாமா என்று எங்களுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. சிலப்பதிகாரத்தில், முதியோர், குழந்தைகள், பத்தினிப் பெண்கள், பசுக்கள் முதலியோரை விட்டுத் தீயவர் பக்கம் போ என்று கண்ணகி தீக்கடவுளிடம் சொல்லுகிறாள். நான் அதைச் சொன்னேன்.

"தீ அப்பிடிப் பாத்துப் பாத்து எரியுமோ?" என்று அவர் திருப்பிக் கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை. ஷெல் விழுந்த இடங்களைப் பார்த்தவர்களிடம் அதற்கு என்ன சொல்ல முடியும்?

ஆச்சி கோபிக்கவில்லை. "அதாலைதான் பிள்ளை அவவைக் குளிர வைக்கிறம்" என்றார்.

இதை விளங்கிக்கொள்ளக் கிழக்குக்குப் போகவேண்டும். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் முதலிய ஊர்களின் கண்ணகி கோவில்களில் வைகாசிச் சடங்கின் முடிவு குளிர்த்தி. ஆண்டில் அந்தச் சில நாட்கள்தான் பல கோவில்களில் கதவு திறக்கும். வழக்குரை பாடி, கலியாணக்கால் நட்டு, கடைசி நாளில் குளிர்த்திப் பாடல் பாடி அம்மனைக் குளிர்விப்பார்கள். மதுரையை எரித்து, மார்பில் காயத்தோடும் ஆறாத கோபத்தோடும் வந்த கண்ணகிக்கு ஆயர் குலப் பெண்கள் வெண்ணெய் பூசி ஆற்றினார்கள் என்பது அங்குள்ள நம்பிக்கை. அரசனும் புலவரும் படையும் செய்யாத வேலையை, மாடு வளர்க்கும் ஏழைப் பெண்கள் செய்தார்கள்.

நாங்கள் தேடிய மறுமொழி அதில்தான் இருந்தது. கோபம் நியாயமானது; அதை ஒருவரும் பிழை சொல்லவில்லை. ஆனால் நெருப்பு எரிந்துகொண்டே இருந்தால் அடுத்த வீட்டுக் கூரையும் பற்றும். நியாயம் கேட்பதை விடாமல், மனதையும் ஆற்றவேண்டும். அதைத் தனியே செய்ய முடியாது. பக்கத்தில் வெண்ணெயோடு நாலு பெண்கள் வேண்டும்.

தாய் மட்டும் அல்ல, இந்தக் கதையில் ஒரு மகளும் உண்டு. மாதவியின் மகள் மணிமேகலை. தந்தை கொல்லப்பட்டார் என்ற செய்தியோடு வளர்ந்தவள். சாத்தனார் பாடிய காவியத்தில் அவள் கடல் நடுவே மணிபல்லவத் தீவுக்கு வந்து அமுதசுரபி என்ற பாத்திரத்தைப் பெறுகிறாள். மணிபல்லவம் எங்கள் நயினாதீவே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அந்தப் பாத்திரத்தால் பசித்தவருக்குச் சோறு போடுகிறாள். பிறகு சிறைச்சாலைக்குப் போகிறாள். அரசனிடம் கேட்டு அந்தச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். தந்தையின் சாவுக்குப் பழி வாங்கப் போனதாகக் கதை இல்லை. இரண்டு பெண்களின் வழியும் எங்களுக்கு முன்னே இருக்கிறது. ஒருத்தி வழக்கு உரைத்தாள். மற்றவள் சிறையின் கதவைத் திறந்தாள்.

யார் பொங்கலாம்?

பானை பொங்கி வரும் நேரம். அரிசி போட வேண்டும். எல்லோரும் ஒவ்வொரு பிடி போட்டோம். அக்கா பின்னுக்கு நகர்ந்து, பிள்ளைகளின் செருப்புகளைப் பார்ப்பதுபோல நின்றார். ஆச்சி கவனித்துவிட்டார்.

"நீ ஏன் பிள்ளை போடேல்லை?"

அக்கா பதில் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், அவர் காணாமற்போனவரின் மனைவி என்று.

அக்காவின் நெற்றியைப் பற்றியும் சொல்லவேண்டும். அது நெடுநாள் பிரச்சினை. "பொட்டு வைச்சால், மனுசன் இல்லாமல் என்ன பொட்டு எண்டு சனம் கேக்கும். வைக்காட்டி, அவர் செத்திட்டார் எண்டு நீயே முடிவெடுத்திட்டியோ எண்டு மாமி அழுவா" என்பார். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னவர்கள் உண்டு. அவர் எடுக்கவில்லை. காணாமற்போனவர் என்ற சான்றிதழ் பெறலாம் என்று 2016 இல் சட்டம் வந்தது. கடதாசிக்குச் சட்டம் வந்தது. நெற்றிக்கு வரவில்லை.

ஆச்சி எழும்பி வந்து அக்காவின் கையைப் பிடித்தார்.

"இஞ்சை பார். உள்ளுக்கை இருக்கிறவா ஆர்? புருசனைப் பறிகுடுத்தவா. வளையலை உடைச்சவா. அவவுக்குப் பொங்க வந்த இடத்திலை, புருசன் இல்லாதவள் அரிசி போடக்கூடாது எண்டு ஆர் சொன்னது? அவ வந்து கேட்டால் என்ன சொல்லுவியள்? போடு."

அவ்வளவுதான். அக்கா அரிசியை அள்ளிப் போட்டார். இரண்டு கையாலும் போட்டார். பிறகு அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து அழுதார். நாங்கள் தடுக்கவில்லை. பானை பொங்கி வழிந்தபோது, விறகை இழுத்துத் தணலை அடக்கியவரும் அவர்தான்.

நானும் வெட்கப்பட்டேன். எங்கள் வீட்டுக் கலியாணங்களில் அக்காவைப் போன்றவர்களை ஒதுங்கச் சொன்னபோது நான் பேசாமல் நின்றிருக்கிறேன். கைம்பெண் ஒருத்தியைத் தெய்வமாக வைத்துக் கும்பிட்டுக்கொண்டு, வீட்டில் இருக்கும் கைம்பெண்ணைப் பின்னுக்கு நிற்கச் சொல்கிறோம். இந்தக் கணக்கு எங்கே பிழைத்தது என்று அந்த ஆச்சியைத் தவிர ஒருவரும் கேட்டதை நான் கேட்டதில்லை.

திரும்பும் போது

வந்த வழியாலேயே திரும்பினோம். வட்டுவாகல் பாலத்தில் அக்கா வானை நிற்பாட்டச் சொன்னார். இறங்கி, கொண்டுவந்த பொங்கலில் ஒரு பிடியை வாழையிலைத் துண்டில் வைத்து நீரேரியின் ஓரத்தில் வைத்தார். "அவருக்கோ?" என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "பசியோடை ஆர் வந்தாலும்" என்றார் அக்கா. கோவிலில் தந்த குங்குமத்தைக் கடதாசியில் மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். வைப்பாரா, வைக்கமாட்டாரா என்று நாங்கள் கேட்கவில்லை. அது அவருடைய நெற்றி. அவர் தீர்மானிக்கட்டும்.

சகோதரிகளே, வற்றாப்பளைக்குப் போக விரும்புகிறவர்கள் வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமையைக் கேட்டறிந்து கொள்ளுங்கள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகவும் வரலாம். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாகவும் வரலாம். பொங்கல் நாளில் சனநெரிசல் அதிகம். சிறு பிள்ளைகளையும் வயதானவர்களையும் கவனமாகக் கூட்டி வாருங்கள். ஆறுதலாக இருந்து நந்திக்கடலைப் பார்க்க விரும்பினால் வேறொரு நாளில் வாருங்கள்.

போக முடியாதவர்கள் வேறொன்று செய்யலாம். உங்கள் ஊரிலும் ஓர் அம்மன் கோவில் இருக்கும். அங்கே வந்தவள் யார், எங்கிருந்து வந்தாள், என்ன இழந்து வந்தாள் என்று ஊரின் மூத்த பெண்களிடம் கேளுங்கள். ஐயர் சொல்லும் தலபுராணத்தில் இல்லாத ஏதோ ஒன்றை அவர்கள் சொல்வார்கள். அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த ஆச்சிமார் போய்விட்டால் கதையும் போய்விடும்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் நல்ல காரியம் வரும்போது, ஆலாத்தித் தட்டை யாருடைய கையில் கொடுக்கிறீர்கள் என்றும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.